பில்லின் அடியில் நிற்கும் பாரிஷ் காசு: வாசகர் கேள்வி–பதில்

இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தொகையைப் பற்றித்தான் பேசுகின்றன. பில்லின் அடியில், பொலிசுக்கும் தீயணைப்புக்கும் கீழே, பாரிஷ் கவுன்சில் என்று, அதாவது ஊர்மட்டத்துச் சின்னச் சபையின் பெயரில், சின்னதாக நிற்கிறதே, அந்தத் தொகை. தென் இங்கிலாந்தில் ஒரு மாவட்டக் கவுன்சிலின் வரிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவன் நான். அந்தச் சின்னத் தொகைகளைக் கூட்டிப் பிரித்துச் சரிபார்ப்பதுதான் ஒவ்வொரு மாரிகாலத்திலும் என் வேலை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

எனக்கும் என் தங்கச்சிக்கும் ஒரே கவுன்சில். இரண்டு வீடும், வீட்டு மதிப்பை வைத்துப் போடும் வரிப் படியில், பாண்ட் சி. அவவின் வீடு இரண்டு மைல் தூரம்தான். ஆனால் எனக்கு வருடத்துக்கு எழுபது பவுண் கூட வருகிறது. பிழை விட்டுவிட்டார்களா? எழுதிக் கேட்கலாமா?
*வாசகி, மில்டன் கீன்ஸ்*

பிழை இல்லை, சகோதரி. உங்கள் ஊர் முழுவதும் பாரிஷ்களாகப் பிரிக்கப்பட்டது. நீங்கள் ஒரு பாரிஷில் இருக்கிறீர்கள், தங்கச்சி இன்னொன்றில். இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகரக் கவுன்சில், முதியோர் பராமரிப்பு, பொலிஸ், தீயணைப்பு எல்லாம் சதம் பிசகாமல் ஒன்றாக இருக்கும். பாரிஷ் தொகை மட்டும்தான் வேறுபடும்.

அந்தத் தொகை எப்படி வருகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதி தானாகத் தீரும்.

மார்கழி மாதம் நாங்கள் ஒவ்வொரு பாரிஷிலும் உள்ள வீடுகளை எண்ணுவோம். வெறும் தலைக்கணக்கு இல்லை. எல்லா வீட்டையும் பாண்ட் டி வீடாக மாற்றி எண்ண வேண்டும். பாண்ட் டி என்றால் ஒன்பதில் ஒன்பது, ஒரு முழு வீடு. பாண்ட் ஏ ஒன்பதில் ஆறு. பாண்ட் எச் ஒன்பதில் பதினெட்டு, அதாவது இரண்டு வீடு. தனியே ஒருவர் இருக்கும் வீடு முக்கால்தான். மாணவர் மட்டும் இருக்கும் வீடு கணக்கிலேயே இல்லை. பிறகு, எப்படியும் கொஞ்சப் பேரிடமிருந்து காசு வராது என்று ஒரு சிறு பங்கைக் கழிப்போம். கடைசியில் நிற்கும் எண்தான் அந்தப் பாரிஷின் வரித்தளம். அதைப் பாரிஷின் செயலாளரான கிளாக்கருக்கு அனுப்பிவிடுவோம்.

தை மாதம் பாரிஷ் கவுன்சில் கூடி, வரும் வருடம் என்ன செலவு, வேறு வருமானம் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு வேண்டும் என்று முடிவெடுக்கும். அந்த மிச்சத் தொகையைப் 'பிரிசெப்ட்' என்பார்கள். 'இவ்வளவை எங்களுக்கு அறவிட்டுத் தாருங்கள்' என்ற கட்டளை அது. விண்ணப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். அதை வெட்டவோ குறைக்கவோ, வரியை அறவிடும் மாவட்டக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை.

ஒரு கற்பனைப் பாரிஷை எடுப்போம். வரித்தளம் 400, பிரிசெப்ட் 36,000 பவுண். பிரித்தால் பாண்ட் டி வீட்டுக்கு 90 பவுண். அதிலிருந்து பாண்ட் ஏ 60, பி 70, சி 80, ஈ 110, எஃப் 130, ஜி 150, எச் 180. அடுத்த வருடம் ஐம்பது வீடுகள் கூடி வரித்தளம் 450 ஆனால், பாரிஷ் ஒரு பென்னியும் குறைக்காமலே பாண்ட் டி 80 பவுணுக்கு இறங்கும். வரித்தளம் சுருங்கினால் மறுபக்கம் நடக்கும். ஆகவே உங்கள் பாரிஷ் விளையாட்டுத் திடலும் மண்டபமும் வைத்துப் பராமரிக்கிறதா, தங்கச்சியின் பாரிஷ் பேருந்துத் தரிப்பிடம் ஒன்றோடு நிற்கிறதா என்பது ஒரு காரணம். அந்தச் செலவை எத்தனை வீடு பங்கிடுகிறது என்பது மற்றது.

மாவட்டத்தின் முழுச் சபைக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து வரியை நிர்ணயிக்கும். பங்குனி (மார்ச்) 11க்கு முன் அது நடந்தாக வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் மாவட்டத்தில் 31 பாரிஷ். நடுவில் பாரிஷே இல்லாத ஒரு பட்டினப் பகுதி. ஆக 32 வரிசை, வரிசைக்கு எட்டுப் பாண்ட், 256 தொகைகள். கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு, ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் அடிமட்டத்தை வைத்துக் கோடு கோடாகச் சரிபார்ப்போம். கணினி வந்த பிறகும் அந்த அடிமட்டத்தை நாங்கள் விடவில்லை. சபை தீர்மானித்த தொகையில் ஒரு பிழை இருந்தால் அது ஆயிரக்கணக்கான வீடுகளின் கதவுக்குப் போய்விடும்.

பட்டினத்துக்குப் பாரிஷ் இல்லை என்றேன். அங்கே பூங்காவை மாவட்டமே பராமரித்தது. கிராமங்களில் அதே வேலையைப் பாரிஷ் செய்தது. பூங்காச் செலவை மாவட்டம் முழுவதற்கும் போட்டால் கிராமத்தவர் இரண்டு தரம் கட்டுவார்கள். அதற்காகச் சட்டம் 'சிறப்புச் செலவு' என்று ஒரு வழி தருகிறது: அந்தச் செலவைப் பட்டின வீடுகளிடம் மட்டும் அறவிடலாம். பட்டினத்தில் இருப்பவர்கள் இதைக் கண்டு கோபத்தோடு வருவார்கள். கணக்கைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் அமைதியாகப் போய்விடுவார்கள்.

நாங்கள் சைவக்காரர். பாரிஷ் என்றால் பங்கு, தேவாலயம். அதற்கு ஏன் நாங்கள் காசு கட்ட வேண்டும்? எனது மாமியார் இதைக் கண்ட நாளிலிருந்து மனவருத்தப்படுகிறா.
*வாசகர், கென்ட்*

மாமியின் வருத்தம் எனக்கு விளங்குகிறது. எங்கள் கத்தோலிக்க நண்பர்கள் வாயில் 'பங்கு' என்று கேட்டு வளர்ந்த சொல் அது. ஆனால் இந்தக் காசு கோயிலுக்குப் போகவில்லை என்று அவவுக்கு உறுதியாகச் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. ஊரவர்கள் தேவாலயத்தில் கூடி, ஏழைகளுக்கு உதவி, தெருத் திருத்தம் எல்லாவற்றையும் பேசி வரி போட்டார்கள். 1894இல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் அதைப் பிரித்து, கிராமங்களில் தேர்தலில் தெரிவாகும் பாரிஷ் கவுன்சில்களை உண்டாக்கியது. பெயரும் பல இடங்களில் எல்லையும் பழையதுதான். அதிகாரம் வேறு. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், அப்பாக்கள் காலத்துக் கிராமச் சங்கம் மாதிரி. யாழ்ப்பாணத்தில் பிரதேச சபைக்குச் சோலை வரி கட்டினீர்களே, அந்த வகைக் காசுதான்.

இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 பாரிஷ், பட்டினக் கவுன்சில்கள் இருக்கின்றன. விளையாட்டுத் திடல், ஊர் மண்டபம், தோட்டத் துண்டுகள், நடைபாதை விளக்கு, பேருந்துத் தரிப்பிடம், இடுகாடு. அவர்கள் கைவைக்கும் காரியங்கள் பெரும்பாலும் இவை. மாமி தோட்டம் செய்ய ஆசைப்படுகிறவர் என்றால், வெண்டியும் பயற்றையும் போட ஒரு துண்டு நிலத்துக்குப் பாரிஷ் கிளாக்கரிடம் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். இன்றைக்கே கொடுக்கட்டும்.

2019இல் 430,000 பவுணுக்கு வாங்கிய வீடு. பாண்ட் டி என்கிறார்கள். பாண்ட் டி என்றால் 88,000 பவுண் வரைக்கும் என்று போட்டிருக்கிறது. எந்தக் காலத்துக் கணக்கு இது?
*வாசகர், சரே*

1991 சித்திரை (ஏப்ரல்) 1ஆம் திகதிக் கணக்கு. உங்கள் வீடு அன்று விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்பதே கேள்வி. 68,000க்கு மேல் 88,000 வரை பாண்ட் டி. 320,000க்கு மேல் எல்லாமே பாண்ட் எச். வேல்சில் 2003ஆம் ஆண்டு விலைக்கு மாற்றி, மேலே இன்னொரு பாண்டும் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் இன்றுவரை மாற்றவில்லை.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பாண்ட் எச் மாளிகைக்காரர் கட்டுவது பாண்ட் ஏ வீட்டுக்காரர் கட்டுவதன் மூன்று மடங்குதான், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. இது நியாயம் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அதற்கு முன் இருந்ததை மறக்கக் கூடாது. 1990இல் தலைவரி. ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் நாங்கள் ஆறு பெடியள், ஆறு பேருக்கும் ஆறு பில். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவனுக்கும் பெரும் பணக்காரருக்கும் ஒரே ஊரில் ஒரே தொகை. 1993 சித்திரையில் கவுன்சில் வரி வந்தபோது வீட்டுக்கு ஒரு பில் என்று ஆனதே பெரிய ஆறுதலாக இருந்தது.

பாண்ட் பிழை என்று நினைத்தால் கவுன்சிலுக்கு எழுதிப் பயனில்லை. அதைத் தீர்மானிப்பது அரசின் மதிப்பீட்டு அலுவலகம். வீடு வாங்கி முதல் ஆறு மாதத்துக்குள் முறைப்படி எதிர்த்துக் கேட்கலாம். பிறகு கேட்பதானால் உறுதியான சான்று வேண்டும். பக்கத்தில் உள்ள அதே அளவு வீடுகளின் பாண்டை முதலில் பாருங்கள். மறுமதிப்பீட்டில் பாண்ட் ஏறவும் கூடும்.

பாரிஷ் பகுதி ஒரே வருடத்தில் 40 சதவீதம் ஏறியிருக்கிறது! ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்று செய்தியில் சொன்னார்களே?
*வாசகர், ஒக்ஸ்ஃபோர்ட்ஷயர்*

அந்த வரம்பு 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெரிய கவுன்சில்களுக்கு அரசு வருடாவருடம் விதிப்பது. பாரிஷ்களுக்கு அதை இதுவரை விதிக்கவில்லை. சட்டப்படி அவர்கள் எவ்வளவும் ஏற்றலாம்.

முதலில் சதவீதத்தை விட்டுவிட்டுப் பவுணைப் பாருங்கள். 30 பவுண் 42 ஆனால் 40 சதவீதம். அதே பில்லில் பெரிய கவுன்சிலின் 1,800 பவுண் ஐந்து சதவீதம் ஏறினால் 90 பவுண். கண் 40இல் போய் நிற்கும், காசு 90இல் போய்விடும்.

ஆனாலும் நீங்கள் கேட்கத்தான் வேண்டும். சித்திரையில் பில் கையில் வந்த பிறகு எனக்கு எழுதுகிறீர்கள். அந்த நேரம் கதவு பூட்டியாகிவிட்டது. தை மாதம் கேட்டிருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு.

நான் குடியிருப்பது வேறொரு மாவட்டத்துக் கிராமம், வரித்தளம் 500 அளவு. அலுவலகத்தில் 31 பாரிஷின் காசைப் பிரித்தவன், என் சொந்தப் பாரிஷின் கூட்டத்துக்கு எட்டு வருடமாக ஒருமுறையும் போகவில்லை. ஒரு தை மாதம் எங்கள் விளம்பரப் பலகையில் 'வரவு செலவுத் திட்டம், பிரிசெப்ட்' என்று கண்டு போனேன். நல்ல குளிர். மண்டபத்தில் ஏழு கவுன்சிலர்கள், ஒரு கிளாக்கர், பொதுமக்கள் என்று நானும் நாயோடு வந்த ஒரு முதியவரும். தொடக்கத்தில் பொதுமக்கள் பேச நேரம் தந்தார்கள். கடதாசியைப் பார்த்துக் கேட்டேன்: இடுகாட்டு மதிலுக்கு 8,000 பவுண் ஒதுக்குகிறீர்கள், சென்ற வருடம் ஒதுக்கிய 8,000 இன்னும் செலவாகவில்லையே, மதில் வேலைக்கு மதிப்பு எவ்வளவு? கிளாக்கர் கோப்பைப் புரட்டினார். மொத்த வேலை 12,000. இந்த வருடம் 4,000 போதும் என்று அங்கேயே மாற்றினார்கள். 4,000ஐ 500ஆல் பிரித்தால் பாண்ட் டி வீட்டுக்கு 8 பவுண். அதே கூட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூரை போட 3,000 சேர்த்தார்கள். அதற்கு நான் முழுமனதோடு கை தட்டினேன். மழையில் நனைந்து நிற்கும் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு காலையும் காண்கிறவன் நான்.

பொலிசுக்குப் போகும் காசைப் பற்றி நான் எங்கே போய் இப்படிப் பேச முடியும்? பில்லில் உள்ள தொகைகளில், கேள்வி கேட்ட அதே இரவில் மாறக்கூடிய ஒன்று இது மட்டும்தான். கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாம் என்பது 1960ஆம் ஆண்டிலிருந்து சட்டம். கணக்குப் புத்தகங்களையும் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் 30 வேலை நாட்கள் அதற்குத் திறந்து வைக்க வேண்டும், ஆடியின் முதல் பத்து வேலை நாட்கள் அதில் கட்டாயம் அடங்கும். பாரிஷ் சொல்லும் 'ஜூலை' அது. எங்கள் ஆடிக் கணக்கில் பிந்திப் போய்விடாதீர்கள்.

என் பில்லில் பாரிஷ் என்றே ஒன்றும் இல்லையே. மறைத்து எடுக்கிறார்களா?
*வாசகி, வெம்பிளி*

இல்லை, சகோதரி. லண்டனில் பாரிஷ்களை 1965இல் இல்லாமல் செய்தார்கள். மீண்டும் அமைக்கலாம் என்று பிறகு சட்டம் வந்து, 2014இல் வெஸ்ட்மின்ஸ்டருக்குள் குயின்ஸ் பார்க்கில் ஒன்று உருவானது. உங்கள் பில்லில் பரோ எனும் உங்கள் பகுதிக் கவுன்சிலின் பங்கும் லண்டன் மேயரின் பங்கும்தான் இருக்கும். பொலிசும் தீயணைப்பும் மேயரின் பங்குக்குள் அடங்கும்.

புது வீட்டுத் திட்டத்தில் வாங்கினோம். புல் வெட்ட, மைதானம் பார்க்க என்று ஒரு தனியார் நிறுவனத்துக்கு வருடம் 300 பவுண் கட்டுகிறோம். பாரிஷும் விளையாட்டுத் திடலுக்கு என்று எடுக்கிறது. ஒன்றைக் கழிக்க முடியாதா?
*வாசகர், பெட்ஃபோர்ட்ஷயர்*

முடியாது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நிறுவனத்துக்குக் கட்டுவது வீட்டு உறுதியில் நீங்கள் ஒப்புக்கொண்ட கட்டணம். பாரிஷுக்குக் கட்டுவது வரி. ஒன்றைக் காட்டி மற்றதை நிறுத்தினால் நீதிமன்ற அழைப்புத்தான் வரும். அங்கே போய் நின்ற எங்கள் ஆட்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து கட்டுவதை நிறுத்த வேண்டாம்.

ஆனால் கேட்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் திட்டத்தின் திறந்த வெளியைப் பாரிஷே பொறுப்பேற்க முடியுமா என்று கேளுங்கள். வீடு கட்டியவர் பராமரிப்புக்கென ஒரு தொகையோடு கையளித்த இடங்கள் உண்டு. தனியே போகாதீர்கள். அயலவர்கள் நாற்பது பேர் கையெழுத்தோடு போங்கள். கார்த்திகையில் போங்கள், பாரிஷ் கணக்குப் போடத் தொடங்கும் நேரம் அது. வீடு வாங்க இருக்கும் மற்றவர்களுக்கு: சட்டத்தரணியிடம் இந்தக் கட்டணத்தைப் பற்றி முதலே கேளுங்கள்.

அவர் போய் ஆறு மாதம். நான் தனியே இருக்கிறேன். பில் இன்னும் முழுசாக வருகிறது. பாரிஷ் காசிலும் குறைப்பார்களா?
*வாசகி, எசெக்ஸ்*

அம்மா, குறைப்பார்கள். தனியே இருப்பவருக்கு முழுப் பில்லிலும் 25 சதவீதம் கழிவு, பாரிஷ் பகுதி உட்பட. இறப்பைக் கவுன்சிலுக்கு அறிவித்திருந்தாலும் வரிப் பிரிவுக்கு அது போய்ச் சேராமல் இருக்கலாம். தொலைபேசியில் கூப்பிட்டு, அவர் இறந்த நாளைச் சொல்லுங்கள். அந்த நாளிலிருந்து கணக்குப் போட்டுக் கூடக் கட்டியதைத் திருப்பித் தர வேண்டும். ஓய்வூதியம் மட்டும்தான் வருமானம் என்றால் 'கவுன்சில் வரிக் குறைப்பு' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் அதே அழைப்பில் கேளுங்கள். ஓய்வூதிய வயதினருக்கு அந்த உதவியின் விதிகளை அரசே நிர்ணயித்திருக்கிறது, கவுன்சில் தன் விருப்பப்படி வெட்ட முடியாது. ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் பாரிஷில் இரண்டு இடம் வெறுமையாக இருக்கிறது என்று பலகையில் கண்டேன். எனக்கு நிரந்தர வதிவுரிமை உண்டு, ஆனால் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். நான் கேட்கலாமா?
*வாசகி, ஹாம்ப்ஷயர்*

கேட்கலாம்! உங்கள் கடிதம்தான் இந்த முறை எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது. இலங்கை பொதுநலவாய நாடு. நிரந்தர வதிவுரிமை உள்ள பொதுநலவாயக் குடிமகள் பாரிஷ் கவுன்சிலுக்கு நிற்கலாம். 18 வயது நிரம்பி, அந்தப் பாரிஷின் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால் போதும். பாரிஷிலோ அதன் மூன்று மைல் சுற்றிலோ ஒரு வருடம் குடியிருந்தாலும் தகுதிதான். தேர்தல் என்றால் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். கட்டுப்பணம் இல்லை. பல பாரிஷ்களில் போட்டியே இருப்பதில்லை. வெற்றிடத்துக்குத் தேர்தல் கேட்க யாரும் இல்லாவிட்டால் கவுன்சிலர்களே ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள்.

கிளாக்கருக்கு இரண்டு வரி எழுதுங்கள்: நான் யார், எத்தனை வருடமாக இங்கே இருக்கிறேன், இந்த இடத்துக்கு ஆர்வம் உண்டு. அடுத்த கூட்டம் எப்போது என்றும் கேளுங்கள். ஐப்பசிக்கு முன் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், வரும் தை மாதம் பிரிசெப்ட்டுக்குக் கை உயர்த்தும்போது நீங்களும் அந்த மேசையில் இருப்பீர்கள்.